மரமறிந்த வில்

1545-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 19-ஆம் நாள், இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பல்களுள் ஒன்றான 'மேரி ரோஸ்', போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துக்கு எதிரே சோலன்ட் நீரிணையில் கவிழ்ந்து மூழ்கியது. அதே ஆண்டில்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆசிரியர் ரோஜர் ஆஸ்கம், 'டாக்ஸோஃபிலஸ்' என்னும் நூலை எழுதி அதே அரசருக்குக் காணிக்கையாக்கினார். ஆங்கில மொழியில் வில்வித்தை பற்றி எழுந்த முதல் நூல் அது. நூலைப் படித்து மகிழ்ந்த அரசர் ஆசிரியருக்கு ஆண்டுதோறும் பத்துப் பவுண்டு மானியம் வழங்கினார். கப்பலோ, தான் சுமந்து சென்ற விற்களோடு கடலடிச் சேற்றில் புதைந்து கிடந்தது.

437 ஆண்டுகள் கழித்து, 1982-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், அக்கப்பலின் எஞ்சிய பகுதி மேலே தூக்கப்பட்டது. அதிலிருந்து முழுமையாகக் கிடைத்த நெடுவிற்கள் 137. அம்புகள் மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவை. அதுவரை பெரும்பாலும் ஓவியங்களிலும் வரலாற்றுக் குறிப்புகளிலும் அறியப்பட்டிருந்த ஆங்கில நெடுவில், இப்போது கையால் தொட்டுப் பார்க்கும் பொருளாயிற்று. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம். ஓர் ஆளின் உயரத்தை விஞ்சிய அளவு. அதன் நாணை முழுமையாக இழுக்க, 45 கிலோ முதல் 80 கிலோ வரை எடையைத் தூக்கும் வலிமை தேவைப்பட்டிருக்கும் என்று ஆய்வாளர் கணித்தனர். கப்பலில் மாண்டோரின் எலும்புகளை ஆராய்ந்தபோது, சிலருடைய தோள்பட்டை எலும்பின் நுனி வளர்ந்த பருவத்திலும் ஒட்டாமலேயே இருந்தது. இளமை தொட்டு வன்மையான வில்லை இழுத்துப் பழகியதன் அடையாளம் அது என்பது அவ்வாய்வாளரின் கருத்து.

அவ்விற்கள் அனைத்தும் யூ என்னும் ஒரே மரத்தால் ஆனவை. அந்த ஒரு மரத்தின் புகழ், பிற மரங்களின் மீது எத்தகைய தீர்ப்பை எழுதியது, அத்தீர்ப்பு எவ்வாறு பல நூற்றாண்டுகளுக்குப் பின் திருத்தப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யூ மரத்தின் மாண்பு

வில் வளையும்போது அதனுள் இரண்டு நேர்மாறான செயல்கள் நிகழ்கின்றன. எய்பவனுக்கு அப்பாற்பட்ட வெளிப்பக்கத்தை வில்லின் முதுகு என்றும், எய்பவனை நோக்கிய உட்பக்கத்தை வயிறு என்றும் வில் செய்வோர் கூறுவர். நாணை இழுக்கும்போது முதுகுப்புறத்து நார்கள் நீட்டி இழுக்கப்படுகின்றன. வயிற்றுப்புறத்து நார்கள் ஒன்றையொன்று நெருக்கி அமுக்கப்படுகின்றன. முதுகு அறுந்தால் வில் முறியும். வயிறு நசுங்கினால் வில் முறியாது; ஆனால் வளைந்தது வளைந்தபடியே நின்றுவிடும், தன் விசையை இழக்கும்.

யூ மரத்தின் வெளிறு வெண்மையானது. இழுபடுவதை நன்கு தாங்குவது. அதன் வைரமோ செம்மை படர்ந்தது. அமுக்கப்படுவதை வியக்கத்தக்க அளவு பொறுப்பது. வெளிற்றை முதுகாகவும் வைரத்தை வயிறாகவும் அமைத்து ஒரே துண்டில் வில்லைச் செதுக்கிவிடலாம். இரண்டு பொருள்களை ஒட்டிச் செய்ய வேண்டிய வேலையை அம்மரம் தானே செய்து வைத்திருக்கிறது எனலாம். இதனால்தான் ஆங்கில வில்லாளர் வில்லை ஒடுக்கமாகவும் தடிப்பாகவும் செதுக்கினர். அதன் குறுக்குவெட்டு, முதுகு சற்றே தட்டையாகவும் வயிறு நன்கு உருண்டும் இருக்கும். யூவின் வைரம் அந்த உருண்ட வயிற்றின் முகட்டில் குவியும் அழுத்தம் முழுவதையும் தாங்கிக்கொண்டது.

1346-இல் கிரெசி, 1356-இல் பொய்த்தியே, 1415-இல் அஜின்கோர் ஆகிய களங்களில் பிரான்சின் குதிரைவீரரை வீழ்த்தியது இவ்வில்தான். அதற்கு முன்பே 1139-இல், திருத்தந்தை இரண்டாம் இன்னசென்ட் கூட்டிய இரண்டாம் இலாத்தரன் பொதுச்சங்கம், குறுக்குவில்லாளரும் வில்லாளரும் தங்கள் கொலைத்திறனைக் கிறித்தவருக்கு எதிராகக் கையாளலாகாது எனத் தன் 29-ஆம் விதியால் தடுத்திருந்தது. மீறுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாகவும் அறிவித்திருந்தது. கிரெசியில் இரு தரப்பிலும் நின்றவர்கள் ஒரே திருப்பலியில் பங்குகொள்ளும் கத்தோலிக்கரே. விதி ஏட்டில் இருந்தது. வில் களத்தில் இருந்தது. வில்லின் அழகைப் பேசும் எவரும் இந்த உண்மையை மறத்தலாகாது.

சட்டம் வகுத்த தரம்

வில் நாட்டின் காவலாகிவிட்டபின், அரசு அதைச் சட்டத்தால் வளர்த்தது. 1363-இல் மூன்றாம் எட்வர்ட், உடல்வலிமையுள்ள ஆடவர் திருநாள்களில் மற்ற விளையாட்டுகளை விட்டு வில் பயில வேண்டும் என ஆணையிட்டார். பயிற்சி பெருகப் பெருக யூ மரத்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. இங்கிலாந்தில் வளர்ந்த யூ போதவில்லை; கடல் கடந்து மரம் வர வேண்டியதாயிற்று. 1472-ஆம் ஆண்டுச் சட்டம், வணிகக் கப்பல்கள் கொண்டுவரும் சரக்கில் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு வில்மரத் துண்டுகள் கொண்டுவர வேண்டும் என்றது. 1484-இல் மூன்றாம் ரிச்சர்டின் சட்டம், இறக்குமதியாகும் மாம்சி வகைத் திராட்சை இரசத்தின் ஒவ்வொரு பெரும் பீப்பாய்க்கும் பத்துத் துண்டுகள் என உயர்த்தியது. ஆஸ்திரியா, பவேரியா மலைக்காடுகளில் கோடரிகள் ஓயவில்லை. மெல்ல வளரும் அம்மரம், 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கும் அரிதாயிற்று.

எட்டாம் ஹென்றியின் காலத்துச் சட்டமொன்று இத்தட்டுப்பாட்டை வேறு வழியில் சமாளிக்க முயன்றது. வில் செய்வோர், தாம் செய்யும் ஒவ்வொரு யூ வில்லுக்கும் ஈடாகக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் எல்ம், ஆஷ் முதலிய மரங்களால் மலிவான விற்களைச் செய்தாக வேண்டும் என்றது. 17 வயதுக்குக் குறைந்தவன், அவனுடைய பெற்றோர் போதிய செல்வம் படைத்தவராக இருந்தாலன்றி, யூ வில்லைப் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தது. இவ்வாறு மரங்களுக்குள் மேலோர் கீழோர் எனப் பிரிவு ஏற்பட்டது. யூ, செல்வர்க்கும் போர்வீரர்க்கும் உரியது. எல்மும் ஆஷும் எளியோர்க்கும் சிறுவர்க்கும் உரியவை. அறிஞர் ஆஸ்கமும் தம் நூலில் இதே தீர்ப்பை வழங்கினார். யூவே சிறந்தது, எல்ம், ஆஷ் போன்றவை வில்லுக்குத் தாழ்ந்த தரத்தவை என்பது அனுபவம் காட்டும் உண்மை என்றார்.

ஆனால் வரலாற்றில் வேறொரு சாட்சியும் இருந்தது. 1188-இல் கேன்டர்பரி பேராயர் பால்ட்வின் சிலுவைப் போருக்கு ஆள் திரட்ட வேல்ஸ் நாட்டில் பயணம் செய்தார். அவருடன் சென்ற ஜெரால்ட் என்னும் குருவானவர் தாம் கண்டதையும் கேட்டதையும் பயண நூலாக எழுதி வைத்தார். தென் வேல்ஸின் குவென்ட் பகுதி மக்கள் வில்லில் வல்லவர் என்றும், அவர்களுடைய விற்கள் யூவினாலோ கொம்பினாலோ ஆனவை அல்ல, காட்டு எல்ம் மரத்தால் ஆனவை என்றும், பார்வைக்குக் கரடுமுரடானவை என்றும் அவர் குறிக்கிறார். அபர்கவெனி கோட்டை முற்றுகையில், அத்தகைய வில்லிலிருந்து பாய்ந்த அம்புகள் ஏறத்தாழ ஒரு கையகலத் தடிப்புள்ள ஓக் மரக் கதவைத் துளைத்தன என்பது அவர் தரும் செய்தி. பிற்காலச் சட்டம் தாழ்ந்தது எனத் தள்ளிய அதே மரம்தான் இது.

தீர்ப்பு திருத்தப்பட்ட கதை

1590-களில் ஆங்கில அரசு தன் படையிலிருந்து வில்லை விலக்கித் துப்பாக்கியை ஏற்றது. அதன்பின் வில் ஒரு பொழுதுபோக்காக மட்டும் வாழ்ந்தது. அவ்வாறு வாழ்ந்தபோதும் ஆங்கில நெடுவில்லின் வடிவமே இலக்கணமாயிற்று. எந்த மரத்தை எடுத்தாலும் அதே ஒடுக்கம், அதே தடிப்பு, அதே உருண்ட வயிறு. அப்படிச் செய்த பிற மர விற்கள் விரைவில் வளைந்த நிலையிலேயே தங்கின. சிலவற்றின் வயிற்றில் மயிரிழை போன்ற நசுங்கல் கோடுகள் தோன்றின. பார்த்தோர் மரத்தைக் குறை கூறினர்.

20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில் மூவர் இக்கேள்வியைப் புதிதாக எழுப்பினர். கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் ஆகிய இருவரும் இயற்பியலாளர். ஃபாரஸ்ட் நாக்லர் பொறியாளர். மூவருமே வில் பயிலும் ஆர்வலர். மரபு என்ன சொல்கிறது என்பதைச் சற்றே ஒதுக்கி வைத்து, மரம் என்ன சொல்கிறது என்று அளந்து பார்த்தனர். அவர்களுடைய ஆய்வுகள் 1947-இல் தொகுப்பு நூலாகவும் வந்தன.

அவர்கள் காட்டிய உண்மை எளிமையானது. ஒரு பலகையின் அகலத்தை இரு மடங்காக்கினால் அதன் விறைப்பு இரு மடங்காகும். தடிப்பை இரு மடங்காக்கினாலோ விறைப்பு எட்டு மடங்காகும். ஆனால் ஒரே அளவு வளைக்கும்போது அதன் மேற்பரப்பு நார்கள் படும் துன்பமும் இரு மடங்காகும். எனவே அமுக்கத்தைத் தாங்கும் தனித்திறன் இல்லாத மரத்துக்கு ஒடுக்கமும் தடிப்பும் பொருந்தா. அதை அகலமாகவும் மெல்லியதாகவும் செய்து, வயிற்றைத் தட்டையாக்கினால், ஒரு முகட்டில் குவிந்த சுமை முழு அகலத்துக்கும் பங்கிடப்படுகிறது. அப்போது அம்மரம் நசுங்குவதில்லை. அம்பையும் விரைவாகவே செலுத்துகிறது. ஹிக்கரி, எல்ம், ஆஷ், ஓக் என எம்மரத்துக்கும் அதற்குரிய அகலம் ஒன்றுண்டு. இத்தனை நூற்றாண்டுகளாக அவை தோற்றது, வேறொரு மரத்துக்காக வகுத்த அளவு அவற்றின்மீது சுமத்தப்பட்டதால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அன்று. டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பு நிலத்திலிருந்து 1944-இல் கிடைத்த விற்கள் ஏறத்தாழ 9,000 ஆண்டுகள் பழமையானவை. அவை எல்ம் மரத்தால் ஆனவை, அகன்று தட்டையானவை. வட அமெரிக்கப் பழங்குடியினர் பலரும் ஹிக்கரி மரத்தில் தட்டையான விற்களையே செய்துவந்தனர். ஏட்டறிவு இல்லாத அவர்கள் மரத்தை நோக்கி வடிவத்தைக் கண்டனர். ஏட்டறிவு மிக்கோர் வடிவத்தை நோக்கி மரத்தைத் தள்ளினர்.

பலகையிலிருந்து வில்

இத்தெளிவு பரவியபின், மரக்கடையில் விற்கும் சாதாரணப் பலகையிலிருந்து வில் செய்யும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியது. 1992-இல் முதற்பகுதி வெளிவந்த 'மரபு வில்லாளரின் பைபிள்' என்ற பொருள்படும் தலைப்புடைய நூல்வரிசை அதற்குப் பெரிதும் துணைசெய்தது. அவ்வேலையின் முறையைச் சுருக்கமாகக் காண்போம்.

முதலில் பலகையைத் தேர்தல். வேலையின் பாதி வெற்றி இதில்தான் அடங்கியிருக்கிறது. ஏறத்தாழ 180 செ.மீ. நீளமும் 5 செ.மீ. அகலமும் 2 செ.மீ. தடிப்பும் உள்ள ஹிக்கரி, ஆஷ் அல்லது செவ்வோக் பலகை போதும். கணுவும் வெடிப்பும் கூடா. எல்லாவற்றுக்கும் மேலாக, நாரோட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேராக ஓட வேண்டும். நார்க்கோடு பலகையின் ஓரத்தில் வழுவி வெளியேறும் இடத்தில்தான் வில் பிளக்கும். நூறு பலகைகளைப் புரட்டி ஒன்றைத் தேர்ந்தாலும் அது வீண் உழைப்பன்று.

அடுத்து வடிவம் வரைதல். நடுவில் 10 செ.மீ. அளவு கைப்பிடிக்கு விடப்படும். அது தடிப்பாகவே நிற்கும், வளையாது. கைப்பிடியிலிருந்து இரு புறமும் முழு அகலம் பாதித் தொலைவு வரை செல்லும்; பின்னர் சிறுகச் சிறுக ஒடுங்கி முனையில் விரலளவாகும். முதுகுப் பக்கத்து நார்களை அறுக்காமல் மழமழப்பாக்கி, ஓரங்களை உருட்டிய பிறகு அப்பக்கத்தில் கருவி படலாகாது. ஐயமுள்ள பலகையானால் முதுகின்மீது சணல் துணியையோ பதனிடாத தோலையோ பசையிட்டு ஒட்டுவர். தூக்கிய நார் பிளந்து எழாமல் அது காக்கும்.

இனி இழைப்பு முழுவதும் வயிற்றுப் பக்கத்தில்தான். இழைப்புளியாலும் அரத்தாலும் தடிப்பைக் குறைத்து, முனையைத் தரையில் ஊன்றி அழுத்தினால் சற்றே வளையும் நிலைக்குக் கொண்டுவருவர். பிறகு முனைகளில் நாண் மாட்டும் குதைகளை அரத்தால் வெட்டுவர்.

இதன்பின் வருவதே வில் வேலையின் உயிர்நிலை. சுவரில் பொருத்திய ஒரு தாங்கியில் வில்லின் கைப்பிடியை அமர்த்தி, நீண்ட நாணைக் கயிற்றால் கீழே இழுத்து, சற்றுத் தள்ளி நின்று வளைவைப் பார்க்க வேண்டும். இரு கைகளும் ஒரே சீராக வளைகின்றனவா? ஓரிடம் விறைத்து நிற்கிறதா? ஓரிடம் மட்டும் மடிந்துபோகிறதா? விறைத்த இடத்தில் சிறிது சுரண்ட வேண்டும். மடியும் இடத்தைத் தொடவே கூடாது. அதன் இருபுறத்திலும் சுரண்டி, அயலிடங்கள் அதன் சுமையைப் பங்கிட்டுக்கொள்ளச் செய்ய வேண்டும். தளர்ந்த இடத்தில் மரத்தைச் சேர்க்க வழியில்லை. தடிப்பில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். ஆகவே இங்கே ஐந்து முறை சுரண்டுவதற்கு ஒருமுறை பார்ப்பவன் வில்லை இழப்பான். ஒருமுறை சுரண்டி ஐந்துமுறை பார்ப்பவன் வில்லைப் பெறுவான்.

ஒவ்வொரு முறை சுரண்டிய பின்னும், வில்லை இருபது முப்பது முறை மெல்ல இழுத்துப் பழக்க வேண்டும். அப்போதுதான் செய்த மாற்றம் வெளிப்படும். வளைவு சீராகாதவரை மேலும் இழுக்கலாகாது. வில்லின் இறுதி வலிமைக்கு மேல் ஒருபோதும் இழுக்கலாகாது. இவ்வாறு விரற்கடை விரற்கடையாக முன்னேறி, நாணேற்றி, 70 செ.மீ. அளவுக்கு இழுக்கும் நிலையை அடையும்போது, 18 கிலோ அளவு வலிமையுள்ள நல்ல பயிற்சி வில் கிடைத்துவிடும். எண்ணெய் பூசி ஈரம் புகாமல் காப்பது கடைசி வேலை.

பயன்படுத்திய பின் நாணை இறக்கி வைக்க வேண்டும். நாணேறிய நிலையிலேயே கிடக்கும் மரம் தன் விசையை மறந்துவிடும். 5-ஆம் நூற்றாண்டுத் துறவி யோவான் காசியன், இவ்வுண்மையைத் திருத்தூதர் யோவானின் வாயில் வைத்து ஒரு கதை சொல்லியிருக்கிறார். கவுதாரியைத் தடவிக்கொடுத்து இளைப்பாறிய முதியவரைக் கண்டு வியந்த வேடனிடம், உன் வில்லை ஏன் எப்போதும் வளைத்தே வைத்திருப்பதில்லை என்று திருத்தூதர் கேட்டாராம். பாலைவனத் துறவியரும் மரத்தை அறிந்தே இருந்தனர்.

ஆஸ்கமின் மற்றொரு நூல்

1549-இல் ஆறாம் எட்வர்ட் அரசர் முன்னிலையில் மறையுரை ஆற்றிய ஹியூ லாட்டிமர், தம் இளமையை நினைவுகூர்ந்தார். வேளாண் குடியைச் சேர்ந்த தம் தந்தை, தமக்கு வயதும் வலிமையும் ஏற ஏற அதற்கேற்பப் பெரிய விற்களை வாங்கித் தந்து பழக்கினார் என்றார். பிள்ளையின் தோளறிந்து வில் தரவேண்டும் என்பதை அந்நாட்டு எளிய தந்தையரும் அறிந்திருந்தனர். மரத்தின் இயல்பறிந்து வடிவம் தரவேண்டும் என்பதை மட்டும் அந்நாடு மறந்துபோயிற்று.

ஆஸ்கமுக்கு வருவோம். எல்மையும் ஆஷையும் தாழ்த்தி எழுதிய அவர், பிற்காலத்தில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியரானார். 1563-ஆம் ஆண்டு டிசம்பரில், கொள்ளைநோய்க்கு அஞ்சி அரசவை வின்ட்சரில் தங்கியிருந்தபோது, ஒரு விருந்தில் அமர்ந்திருந்தார். ஈட்டன் பள்ளி மாணவர் சிலர் அடிக்கு அஞ்சி ஓடிப்போனார்கள் என்ற செய்தி அங்கே பேசப்பட்டது. அப்பேச்சு அவரை உலுக்கியது. அதன் விளைவாக எழுந்ததே 'பள்ளியாசிரியர்' என்ற பொருள்படும் அவருடைய மற்றொரு நூல். அவர் இறந்தபின், 1570-இல் அச்சேறியது.

அந்நூலில் ஆசிரியர்கள் செய்யும் ஒரு பெரும் பிழையை அவர் சுட்டுகிறார். சொன்னதும் பற்றிக்கொள்ளும் விரைந்த அறிவினரை ஆசிரியர் புகழ்கின்றனர். மெல்லக் கற்கும் கடினமான அறிவினரை அடிக்கின்றனர். ஆனால் விரைந்து பற்றியது விரைந்து நழுவும். கடினமான அறிவோ ஏற்கத் தாமதிக்கும், ஏற்றதை விடாது. இதை விளக்க அவர் கையாளும் உவமை மரமும் கல்லும்தான். மென்மையான மரத்திலும் கல்லிலும் செதுக்குவதைவிட, வன்மையானவற்றில் செதுக்கிய உருவமே அழகாகவும் நிலையாகவும் இருக்கும் என்கிறார். வில்லுக்குரிய மரங்களைப் பற்றி எழுதியபோது அவருக்குப் புலப்படாத ஒன்று, பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது புலப்பட்டது.

நம் பள்ளிகளிலும் வீடுகளிலும் ஒரே அளவுகோல்தான் ஆட்சி செய்கிறது. அந்த அளவுக்குப் பொருந்தும் பிள்ளை யூ மரம். பொருந்தாத பிள்ளை விறகு. ஐந்து பிள்ளைகளுள் ஒன்று அந்த அளவில் வளைந்து விசை காட்டினால், மற்ற நான்கையும் அதே ஒடுக்கத்தில் செதுக்குகிறோம். அவை நசுங்கும்போது மரத்தைக் குறை கூறுகிறோம். வறுமையிலிருந்து முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைகள்மீது இத்தீர்ப்பு இன்னும் விரைவாக விழுகிறது. அவர்களுக்கெனச் சற்றே அகலமான இடம் கேட்பாரும் குறைவு.

பெற்றோரும் ஆசிரியரும் அறிய வேண்டியதெல்லாம் அந்தப் பலகை வேலையில் இருக்கிறது. முதலில் நாரோட்டம் பார்க்க வேண்டும். முதுகு நாரை அறுக்கலாகாது. தளர்ந்த இடத்தைத் தொடாமல் அயலிடங்களைக் கொண்டு அதன் சுமையைப் பங்கிட வேண்டும். ஒருமுறை சுரண்டினால் ஐந்துமுறை தள்ளி நின்று பார்க்க வேண்டும். நாளின் இறுதியில் நாணை இறக்க வேண்டும். குவென்ட் மலைநாட்டாரின் கையிலிருந்த அந்தக் கரடுமுரடான எல்ம் வில்லை எவரும் பட்டியலில் முதலிடத்தில் வைக்கவில்லை. ஓக் கதவில் தைத்து நின்ற அம்புகளை மட்டும் ஒரு குருவானவர் மறவாமல் எழுதி வைத்தார்.